நூற்றுக்கு ஒரு ரூபாய்

காஞ்சிபுரம் கட்டட வேலைக்குப் புதிய ஊர் அன்று. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. சுற்றி வந்தால் அந்த மன்னனுடைய விருதுப் பெயர்கள் இருநூறுக்கு மேல் கல்லில் வெட்டியிருப்பதைக் காணலாம். கல்லைச் சுமந்தவன் பெயர் என்ன? சாரத்திலிருந்து விழுந்தவன் பெயர் என்ன? தேடினாலும் கிடைக்காது. அது மன்னர் காலம், போகட்டும்! மக்களாட்சிக் காலத்தில் நிலைமை மாறியிருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இன்றைக்குக் காஞ்சியில் கோபுரத்தோடு போட்டியிட்டு வேறு பல கட்டடங்களும் எழுகின்றன. காந்தி சாலையில் பட்டுக் கடைகள் மாடிமேல் மாடியாக நிற்கின்றன. நகராட்சி 2021இல் மாநகராட்சி ஆயிற்று. கிழக்கே பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்றால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. தெற்கே திரும்பினால் ஒரகடம், வல்லம் வடகால். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்று முதல் இந்த வட்டாரத்தில் ஆலைக் கொட்டகைகளுக்கும் கிடங்குகளுக்கும் குறைவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடை, ஆலை, கிடங்கு, மருத்துவமனை, பள்ளி இவற்றையெல்லாம் ‘குடியிருப்பு அல்லாத கட்டடங்கள்’ என்று அதிகாரிகள் ஏட்டில் எழுதுகிறார்கள்.

நெசவாளிக்கு இந்தப் பிரிவினை பொருந்துமா? அவன் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. வீடே ஆலை, ஆலையே வீடு! சிமெண்டு விலையும் கம்பி விலையும் ஏறினால் அவன் கூரையை மாற்ற முடியாது. கூரை ஒழுகினால் தறி ஓடாது. பட்டு நூல் விலை ஏற ஏற, கூலி நகராமல் நிற்க, நெசவாளியின் மகன் தறியை விட்டு இறங்குகிறான். ஒருவன் ஆலை வாயிலில் காவலுக்கு நிற்கிறான். இன்னொருவன் சித்தாளாகச் சட்டி சுமக்கிறான். ஆகவே கட்டடத் தொழிலாளியின் பிரச்சினை காஞ்சி நெசவாளிக்கு அயலான் வீட்டுப் பிரச்சினை அன்று. அவன் சொந்த வீட்டுப் பிரச்சினை.

கட்டுகிற முதலாளிகளைக் கேட்டால் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: “செலவு ஏறிவிட்டது!” ஏறியது உண்மை, நாம் மறுக்கவில்லை. எதனால் ஏறியது என்று மட்டும் கேட்கிறோம். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. நிலக்கரி விலை ஏறியது. கம்பி விலை எகிறியது. உள்நாட்டில் விலையை அடக்குவதற்காக அந்த ஆண்டு மே மாதம் எஃகு ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு 15 சதவிகித வரி போட்டது. நவம்பரில் அதை நீக்கிவிட்டது. ஆற்றுமணல் அருகிப்போக, பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட் அதன் இடத்துக்கு வந்தது. கனிமம் உள்ள நிலங்களுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு புதிய வரி விதித்தபோது குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லி விலை ஏறியது. முதலாளிகளும் வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்தவர்கள்தாம்!

இந்தக் காரணங்களில் ஒன்றேனும் சித்தாளின் கூலியா? இல்லை. போர், வரி, நிலக்கரி, பாறை. இவைதாம் செலவை ஏற்றின.

ஏறுவதற்கு இத்தனை காரணம் சொன்னவர்கள், இறங்கியபோது என்ன செய்தார்கள்? சிமெண்டு மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரி சேராத விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு வரி 84 ரூபாய். இப்போது 54 ரூபாய். மூட்டைக்கு முப்பது ரூபாய் மிச்சம்! அந்த முப்பதில் முப்பது காசாவது சாரத்தில் நிற்பவனுக்கு வந்ததா? கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

செலவு ஏறும்போது மேஸ்திரியின் கத்திரி முதலில் எங்கே விழுகிறது என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பாதுகாப்பு வலையில் விழும், தலைக்கவசத்தில் விழும், தொழிலாளி படுக்கும் தகரக் கொட்டகையில் விழும். ஆட்களின் எண்ணிக்கையிலும் விழும். இப்போது ஆலைக் கொட்டகையின் இரும்புச் சட்டங்களை வேறிடத்தில் செய்து லாரியில் கொண்டுவந்து முடுக்கி நிறுத்திவிடுகிறார்கள். கலவையும் வண்டியிலேயே கலந்து வருகிறது. வேலை விரைவாக முடிகிறது, நல்லதுதான். ஆனால் கலவை சுமந்த பெண்களுக்கு மாற்று வேலை என்ன? எவரும் பேசுவதில்லை.

அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அது குடியிருப்புக்காகக் கட்டியது. குடியிருப்பா, கடையா, ஆலையா என்று பார்த்தா விழுகிறது கட்டடம்? கீழே நின்றவன் மீதுதான் விழுகிறது.

இந்த நிலையில் விலை ஏறும்போது தொழிலாளிக்கும் சேர்ந்து ஏறுகிற கணக்கு ஒன்று உண்டு. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல நிதி! தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1980களில் இயங்கிய தேசியப் பிரசாரக் குழுவும், தமிழகத் தொழிற்சங்கங்களும் தில்லி வரை சென்று குரல் எழுப்பின. அதன் பிறகே 1996இல் நாடு முழுவதற்குமான சட்டமும் நல வரிச் சட்டமும் பிறந்தன. எவரும் தானமாகக் கொடுத்ததன்று, போராடிப் பெற்றது.

கட்டடச் செலவு ஒரு கோடி என்றால் ஒரு இலட்சம். நூறு கோடி என்றால் ஒரு கோடி. கம்பி விலை ஏறிச் செலவு நூற்றிருபது கோடி ஆனால், நல நிதியும் ஒரு கோடியே இருபது இலட்சம் ஆகவேண்டும். அந்தப் பணத்தில்தான் ஓய்வூதியம், விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி எல்லாம்.

இதைத் தட்டிக் கழிக்க முயலாமல் இருப்பார்களா? ஆலை கட்டுகிறவர்கள் ஒரு வாதம் கண்டுபிடித்தார்கள். “தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் இடத்துக்குக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது; ஆகவே நல வரி கட்டமாட்டோம்” என்றார்கள். லான்கோ அன்பரா வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. உற்பத்தி தொடங்காத வரையில் அது தொழிற்சாலை ஆகாது, கட்டுமான இடமே என்று தீர்ப்புச் சொன்னது. ஒரகடத்துக் கொட்டகைகளுக்கும் அதுதான் நீதி.

வசூலான பணமாவது உரியவனிடம் போய்ச் சேர்ந்ததா? 2018 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஒரு கணக்கை நாட்டின் முன் வைத்தது. நாடெங்கும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளிக்கென்று செலவானது ஏறத்தாழ 9,500 கோடி ரூபாய். மீதி 28,000 கோடி பெட்டியில் தூங்கியது! உழைத்தவன் குடிசையில் விழித்திருக்க, அவன் பணம் வங்கியில் உறங்கியது!

இப்போது புதிய திருப்பம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி கட்டடச் செலவு எவ்வளவு என்று கட்டுகிறவரே மதிப்பிட்டு நல வரியைச் செலுத்தலாம். பால்காரனே படியையும் வைத்துக்கொள்வது போன்றதல்லவா இது? தொழிற்சாலை தொடர்பான வேலைகள் நீங்கலாக என்ற சொற்களும் அதில் இருக்கின்றன. 2016இல் வாசல் வழியே துரத்தப்பட்ட வாதம் அந்தச் சந்து வழியே மீண்டும் நுழையக்கூடும். ஆலைகள் நிறைந்த காஞ்சி மாவட்டம் அல்லவா அதற்கு முதலில் பலியாகும்?

எனவே தோழர்கள் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு ஊராட்சியிலும் கட்டட வேலைக்குப் போகிறவர்களைக் கண்டு நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாதவனுக்கு ஓய்வூதியம் இல்லை. புதுப்பிக்க மறந்தாலும் தொல்லை. தறியை விட்டுச் சட்டி தூக்கப் போன நெசவாளியைக் கேளுங்கள். அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊரில் மாடி கட்டுகிறவனையும் சேருங்கள், அவனும் தொழிலாளிதான்.

அடுத்து, தெருவில் புதுக் கடையோ கல்யாண மண்டபமோ எழுந்தால், அதன் செலவை எவ்வளவு என்று காட்டினார்கள், நல நிதி எவ்வளவு கட்டினார்கள் என்று எழுதிக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். கடன் வாங்க வங்கிக்குக் காட்டிய செலவு ஒன்று, நல நிதிக்குக் காட்டிய செலவு வேறொன்று என்றால், கேள்வி கேட்கும் இடம் அதுதான்.

நூற்றில் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க முதலாளியிடம் கணக்கப்பிள்ளை இருக்கிறார், தணிக்கையாளர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். மீதி ஒரு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?