விண்வெளியில் மௌனம் காப்பாற்றுமா?

எதிரி தேடுகிறான். விண்கலம் வானொலித் தொடர்பை நிறுத்தி, இயந்திரங்களை அணைத்துவிட்டு இருளில் பதுங்குகிறது. 1966இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயம் ஒன்றில் இந்தக் காட்சியைப் பார்த்தபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது கடற்போரில் இருந்து வந்த உத்தி. 1941இல் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற ஜப்பானியக் கப்பல்கள் வானொலி மௌனம் காத்தே பசுபிக்கைக் கடந்தன.

ஆனால் விண்வெளி கடல் அல்ல. அதன் பின்னணி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 270 பாகை செல்சியஸ். மனிதர் வாழும் கலமோ 20 பாகை அளவிலாவது இருக்கவேண்டும். அந்த வெப்பம் செங்கீழ்க் கதிராக வெளியேறியபடியே இருக்கும். தொலைகாட்டிக்கு அது போதும். வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைத்தால், இருப்பவர்கள் வெந்துபோவார்கள்.

ஆகவே மௌனம் பேச்சை மறைக்கும், கலத்தை மறைக்காது. அடுத்த முறை இப்படியொரு காட்சி வந்தால், வெப்பம் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.