கடைசி வரியை நம்பாதீர்கள்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை, அந்தமான் பெரும்பாலும் செயற்கைக்கோள் இணையத்தையே நம்பியிருந்தது. அத்தகைய மெதுவான இணையத்தில் மூல நிரலிலிருந்து மென்பொருள் நிறுவுவது பொறுமைச் சோதனை. மூல நிரல் சிறியதாக இருக்கலாம். அது கேட்கும் துணைத் தொகுப்புகள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டும்.

ஏன்? மூல நிரல் சோறு அல்ல, அரிசி; சமைக்க மற்ற பொருட்களும் வேண்டும். கட்டளைகள் மூன்று: ‘கன்ஃபிகர்’ அடுப்படியில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும், ‘மேக்’ சமைக்கும், ‘மேக் இன்ஸ்டால்’ உரிய இடத்தில் எடுத்து வைக்கும்.

புதியவரைக் குழப்புவது இதுதான்: நிரலுக்குத் தேவையான நூலகம், அதாவது துணை நிரல்களின் தொகுதி, கணினியில் இருக்கும், ஆனாலும் ‘இல்லை’ என்று பிழை வரும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ஒரே நூலகம் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும். நிரலை ஓட்ட ஒரு தொகுப்பு போதும். மூல நிரலைச் சமைக்கவோ, தலைப்புக் கோப்புகள் உள்ள, பெயர் ‘டெவ்’ என்று முடியும் இன்னொன்றும் வேண்டும். பாதிப் பிழைகள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

‘மேக்’ நின்றால் கடைசி வரியில் பெரும்பாலும் ‘எரர் 2’ போன்ற ஒன்றுதான் இருக்கும். அது வெறும் புலம்பல். மேலே நகர்த்தி முதல் பிழையைத் தேடுங்கள். ‘கன்ஃபிகர்’ நின்றால் ‘கன்ஃபிக் டாட் லாக்’ கோப்பைத் திறங்கள். நிறுவிய பிறகும் நூலகம் காணவில்லை என்றால், நிர்வாகி உரிமையுடன் ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.