ரயிலே இல்லாத ரயில்!

உஸ்ஸ்! செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் எதையும் தட்டிவிடாமல் என் பின்னாலேயே வாருங்கள். நாம் நிற்பது லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரின் மேடைக்குப் பின்புறம். ஆண்டு 1925.

அதோ பாருங்கள், ஒரு ஆள் புல்தரையைச் சமப்படுத்துகிற இரும்பு உருளையைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுகிறார். தரையில் வரிசையாக மரச்சட்டங்கள் அறையப்பட்டிருக்கின்றன. உருளை ஒவ்வொன்றாக ஏறி இறங்க, தடக்... தடக்... தடக்! பக்கத்தில் ஒருவர் ஆளுயரத் தகரத்தைக் குலுக்குகிறார். இன்னொருவருக்கு முரசு, வேறொருவருக்குப் பால் கேன். வாயில் விசிலோடு ஒருவர் சைகைக்காகக் காத்திருக்கிறார். சிலிண்டரைத் திறந்தால் நீராவி மாதிரியே ‘புஸ்ஸ்ஸ்’!

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கனவான்களும் சீமாட்டிகளும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்கள். மேடையில் இருப்பது வெறும் வெயிட்டிங் ரூம். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சீறிப் பாய்கிறது, அவ்வளவுதான். ரயில் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது!

‘தி கோஸ்ட் டிரெயின்’ என்ற அந்த நாடகம் லண்டனில் அறுநூறு தடவைக்கு மேல் நடந்தது. எழுதியவர் ஆர்னால்ட் ரிட்லி. முதல் உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பிய நடிகர். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் மேங்கட்ஸ்ஃபீல்டு என்கிற ஜங்ஷனில் வண்டிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார். அந்த ஸ்டேஷனைத் தொடாமலே எக்ஸ்பிரஸ்கள் பக்கத்து வளைவில் போய்விடும். சத்தம் மட்டும் பிளாட்பாரத்துக்கு வரும், வண்டி கண்ணில் படாது. அந்த ராத்திரி எரிச்சலைக் கதையாக்கிவிட்டார் மனுஷர்.

நம் சென்னையின் ராயபுரம், கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கவா வேண்டும்? யார்டிலிருந்து கூட்ஸ் ரேக் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ‘டம்டம்டம்’ இல்லாமல் இங்கே எவருக்குத் தூக்கம் வரும்! ஹார்பர் லைனில் எந்த வண்டி போகிறதென்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் என்ன சளைத்ததா? 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது. இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன்களிலேயே மூத்தது. தூண் வைத்த அந்த முகப்பைப் பார்த்து ரிட்லி அங்கேயே பேப்பரும் பேனாவும் கேட்டிருப்பார்.

கதை என்ன? கார்ன்வாலில் ஆளரவமற்ற ஒரு ஸ்டேஷன். இணைப்பு ரயிலைத் தவறவிட்ட பயணிகள் ராத்திரியில் மாட்டிக்கொள்கிறார்கள். புதுமணத் தம்பதி, சண்டை போட்டுக்கொண்டே வரும் ஜோடி, கிளிக்கூண்டோடு வந்த மிஸ் போர்ன் என்கிற முதிர்கன்னி, அத்தோடு டெடி டீக்கின் என்கிற வாயாடிக் கோமாளி. மதுவைத் தொடாத மிஸ் போர்னுக்கு டெடியின் பிராந்தி உள்ளே போய்விடுகிறது. அப்புறம் கேட்பானேன்! எப்போதோ பாலத்திலிருந்து கவிழ்ந்த ரயில் இன்னமும் ராத்திரியில் பேயாக ஓடுகிறது, அதைக் கண்ணால் பார்த்தவர் பிழைப்பதில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் பயமுறுத்துகிறார்.

இந்த இடத்தில் ரிட்லியின் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ‘பார்த்தால் சாவு’ என்று சொல்லிவிட்டாரே, இனி ரயிலை மேடையில் காட்டச் சொல்லி எவன் கேட்பான்? செலவு மிச்சம், திகில் இரட்டிப்பு!

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அது ஆயுதம் கடத்துகிற கும்பலின் வண்டி. அந்தக் கோமாளிதான் துப்பறிகிறவர். ‘ரகசிய போலீஸ் 115’ படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது இடைவேளைக்கு முன்பே தெரிந்திருக்கும்.)

இனிதான் கூத்து. 1927-ல் கேன்ஸ்பரோ கம்பெனி, ஜெர்மானியரோடு கூட்டுச் சேர்ந்து இதைப் படமாக்கியது. டைரக்டர் ஹங்கேரிக்காரரான கேசா ஃபான் போல்வாரி. டெடியாக கை நியூவல், கிளிக்காரம்மாவாக இல்ஸே போய்ஸ். படமோ மௌனப் படம்! சத்தத்தையே கதாநாயகனாக வைத்த நாடகத்தை, வாயே திறக்காத திரைக்குக் கொண்டுபோகிறார்கள். நாடகம் காதுக்கு மட்டும் காட்டியதைப் படம் கண்ணுக்கு மட்டும் காட்டியாக வேண்டும். உருளைக்காரருக்கு வேலை போச்சு. ரயில் நிஜமாகவே திரைக்கு வந்தே தீர வேண்டும்.

ஆனால் அந்தக் கால மௌனப்படக் கொட்டகையில் என்றைக்கு மௌனம் இருந்தது? நம் ஊர்க் கொட்டகைகளில் எழுத்து அட்டை வந்தால் உரக்கப் படித்துக் கதை சொல்ல ஒரு ஆள், சண்டை வந்தால் வாத்தியக்காரர், எல்லாவற்றுக்கும் மேலே தரை டிக்கெட்டின் விசில். தமிழ்நாட்டில் இந்தக் கூடார ஆட்டத்தைக் கிளப்பிவிட்டவரே ரயில்வேக்காரர்தான். திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் போய்விட்டார். ‘கோஸ்ட் டிரெயின்’ அவர் கூடாரத்தில் ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் குஷி தாங்கவில்லை. ரயில் வரும்போது வாத்தியக்காரர் சும்மா இருந்திருப்பாரா!

போல்வாரிக்கும் ரயில் ருசி விடவில்லை. ரிட்லி, பெர்னார்ட் மெரிவேலோடு சேர்ந்து எழுதிய இன்னொரு நாடகம் ‘தி ரெக்கர்’. ரயில்களைக் கவிழ்க்கிற சதிகாரனின் கதை. அதையும் போல்வாரியே படமாக்கினார். கவிழ்வது பொம்மை ரயிலா? சேச்சே! 1928 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. ஹாம்ப்ஷயரில் லாஷம் பக்கம் ஒரு லெவல் கிராசிங். தண்டவாளத்தின் குறுக்கே நீராவி லாரி ஒன்றை நிறுத்திவிட்டு, ஆளில்லாத நிஜ ரயிலை அதன்மீது மோதவிட்டார்கள். சுற்றிலும் 22 கேமராக்கள். தப்பினால் இன்னொரு டேக்குக்கு ரயிலுக்கு எங்கே போவது? ஒரே மோதல், எஞ்சின் சாய்ந்தது, பெட்டிகள் கவிழ்ந்தன, எல்லாம் படச்சுருளில்! படம் 1929-ல் வந்தது.

‘கோஸ்ட் டிரெயின்’ 1931-லும் 1941-லும் வால்டர் ஃபோர்டு கையில் பேசும் படமாக மறுபடி ஓடியது. ரிட்லியோ எழுபது தாண்டிய பிறகு, ‘டாட்ஸ் ஆர்மி’ டி.வி. தொடரில் சாதுவான காட்ஃப்ரே தாத்தாவாக நடித்து இன்னொரு ரவுண்டு வந்தார். பேய் ரயிலை ஓட்டியவர் இவரா என்று புதுத் தலைமுறை வாய் பிளந்தது.

சரி, தமிழில் எடுத்தால்? நான் காஸ்டிங்கே முடித்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் எம்.எஸ். பாஸ்கர். கோமாளித் துப்பறிவாளர் யோகி பாபு. கிளிக்கூண்டோடு கோவை சரளா. பிராந்திக் காட்சிக்கு வசனமே எழுத வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார். இடம், கடைசி மின்சார ரயில் போன பிறகு ராயபுரம் ஸ்டேஷன். கடத்தல் சரக்குக்கு எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி ரேக் இருக்கவே இருக்கிறது. சவுண்ட் எஃபெக்ட்ஸுக்குச் சல்லிக்காசு செலவில்லை, யார்டு பார்த்துக்கொள்ளும். தயாரிப்பாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கிளியின் சம்பளத்தை மட்டும் முதலிலேயே பேசிவிட வேண்டும்!