உங்களுக்குத் தெரியுமா? அழுத்தினால் நின்றுவிடும் பாலிஷர்!

கார் பெயின்டை மெருகேற்ற மெஷின் வாங்கப் போகிறவருக்கு, அழுத்தினால் சுழல மறுக்கும் மெஷின்தான் பாதுகாப்பானது!

கியர் இல்லாத 'டூயல் ஆக்‌ஷன்' பாலிஷரில் பேட் வட்டமாக ஆடியபடி தன்போக்கில் சுழலும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்று, அதிர்வு மட்டுமே மிஞ்சும். பெயின்ட் தப்பிக்கும். பேட் சுழல்கிறதா என்று கண்ணால் பார்க்க, அதைத் தாங்கும் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்பார்கள் தொழில் தெரிந்தவர்கள்.

• 'ரோட்டரி' வகை பாலிஷர் அழுத்தினாலும் விட்டுக்கொடுக்காது. ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயின்ட் தீய்ந்துவிடும். ஆனால், ஆழமான கீறல்களை வேகமாகப் போக்குவதும் இதுதான்.

• பளபளப்பைத் தரும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியே சுமார் 70! பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் குறைகிறது.

• இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பேட் 15, 21 மி.மீ. வீச்சில் ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்களை விற்கிறது. பானெட், கூரை போன்ற பரந்த இடங்களுக்குப் பெரியது, வளைவுகளுக்குச் சிறியது.

• 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டும் சிக்கன யோசனை வேண்டவே வேண்டாம். பல மாடல்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். ரோட்டரி பாலிஷருக்கே 3,000 தாராளம்.