தடிச்ச கம்பி போட்டா தடிச்ச சவுண்டா?

போன மாசம் திருவொற்றியூர்ல ஒரு நண்பன் வீட்டு மாடியில வாசிச்சிட்டு இருந்தோம். அவன் ஃபேக்டரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து கிட்டார் எடுக்குறவன். பத்தே நிமிஷத்துல இடது கையை உதறிட்டு, "மச்சி, இது நமக்கு செட் ஆகாது, வித்துடலாம்னு இருக்கேன்"னு சொன்னான். ரெண்டு வருஷம் முன்னாடி வேலையில நசுங்கித் தையல் போட்ட விரல் அது. கிட்டாரை வாங்கிப் பார்த்தா, 11 செட் போட்டிருக்கான். ஏன்டானு கேட்டா, தடிச்ச ஸ்ட்ரிங்லதான் டோன் வெயிட்டா வரும்னு யாரோ சொன்னாங்களாம்.

இந்த எபிசோட் அந்த 'யாரோ'வுக்காக.

கேஜ்னா கம்பியோட விட்டம், இன்ச்ல ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. மெல்லிய கம்பியோட எண்ணைத்தான் செட்டுக்குப் பேரா வைப்பாங்க. 9 செட்னா பொதுவா 9-ல இருந்து 42 வரைக்கும், 10 செட்னா 10-ல இருந்து 46 வரைக்கும். பார்க்க ஒரு நூல் அளவு வித்தியாசம்தான். ஆனா அதே ஸ்வரத்துக்கு ட்யூன் பண்ண, இழுவிசை விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 9-ல இருந்து 11-க்குப் போனா, 11-ஐ 9-ஆல வகுத்து வர்க்கம் போடுங்க: கிட்டத்தட்ட 50% அதிகம். ஸ்ட்ராட் மாதிரி 25.5 இன்ச் கிட்டார்ல மெல்லிய கம்பி மட்டும் 6 கிலோவுல இருந்து 9 கிலோ இழுவைக்குப் போயிடும். தையல் போட்ட விரல் பெண்ட் பண்ண வேண்டியது அதைத்தான். லெஸ் பால் மாதிரி 24.75 இன்ச்னா சுமார் 6% குறையும், அவ்வளவுதான்.

இப்போ ஒரு கதை. திருவொற்றியூர்க்காரங்களுக்கு என்ஃபீல்ட் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல இருக்குற ரெடிட்ச். அதே பர்மிங்காம்ல 1965-ல 17 வயசுப் பையன் ஒருத்தன் தகடு வேலை செய்யுற ஃபேக்டரியில மெஷின்ல கை மாட்டி ரெண்டு விரல் நுனியை இழந்தான். இடது கைக்காரன், அதனால போனது ஃப்ரெட் பிடிக்கிற வலது கை. பேரு டோனி அயோமி, பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டிக்கிட்டார். கம்பி கடினமா இருந்துச்சுன்னு பேஞ்சோ கம்பியை எடுத்துப் போட்டார். 1971-ல 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல மூணு செமிடோன் இறக்கியும் ட்யூன் பண்ணார். மூணு செமிடோன் இறக்கினா இழுவிசை 29% குறையும். ஹெவி மெட்டல்னு நாம சொல்ற அந்த பாரமான சவுண்டு, மெலிசான, தளர்ந்த கம்பியில இருந்து வந்தது.

அப்போ தடிமனுக்கு டோன்ல பங்கே இல்லையா? இருக்கு. பிக்கப் மேல அதிக இரும்பு அதிர்றதால சிக்னல் கொஞ்சம் பெருசா வரும். ஓங்கி அடிச்சாலும் ஸ்வரம் கம்மியாத்தான் விலகும். ஆனா முதல் விஷயத்தை பிக்கப் திருகை அரை சுத்து ஏத்தியே சரி பண்ணிடலாம். ஸ்டீவி ரே வான் 13 போட்டு ஹாஃப் ஸ்டெப் இறக்கி வாசிச்சார். பில்லி கிப்பன்ஸ் 7-ல வாசிக்கிறார். ரெண்டு பேர் டோனையும் யாரும் ஒல்லினு சொல்ல மாட்டாங்க.

என் நண்பன் கேஸ்ல இன்னொரு விஷயம் இருந்துச்சு. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம ஜன்னல்ல வர்றது உப்புக் காத்து. விரல் வியர்வையும் சேர்ந்தா கம்பி சீக்கிரமே கறுத்துடும். சுத்து கம்பியோட இடுக்குல அழுக்கு ஏறினா உயர் ஒலிகள் செத்துடும், ஃப்ரெட்ல ஸ்வரமும் விலகும். அவன் செட் மாத்தி ஆறு மாசம். அவன் இத்தனை நாள் 'வெயிட்'னு நினைச்சுக்கிட்டு இருந்தது, பாதி துருதான்!

9 செட் மாத்தினோம். இழுவை குறைஞ்சா நெக் பின்னாடி சாயும், ஃப்ரெட்ல கம்பி உரசும். அதனால ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தணும், ட்ரெமலோ இருந்தா பின்னாடி ஸ்பிரிங்கையும்தான். முதல்முறை செய்யறவங்க தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்குங்க. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியில ஒவ்வொரு கம்பியா துடைக்கிறது கட்டாயம். கடற்கரைப் பக்கம் வீடுன்னா கோட்டிங் போட்ட செட்டுக்குக் கூடுதல் காசு தண்டம் இல்ல, என் கருத்து.

புதுக் கம்பியில வாசிச்சதும், "சவுண்டு கீச்சுனு இருக்கே"னு மூஞ்சைச் சுளிச்சான். கிட்டார்ல இருக்குற டோன் நாப்பை 10-ல இருந்து 6-க்கு இறக்கினேன். "ஆங், இது"ன்னான். ஒரு வருஷமா அந்த நாப்பை அவன் தொட்டதே இல்லையாம்.

இப்போ அவன் டீம்ல பாடுற கானா தம்பிக்காக ஹாஃப் ஸ்டெப் இறக்கப் போறாங்க, ஸ்ட்ரிங் தளர்ந்துடுமானு கேக்குறான். ஒரு செமிடோன் இறக்கினா விட்டம் 6% கூட்டினா அதே ஃபீல் கிடைக்கும், அதாவது 9-க்கு 9.5. அந்த செட் கடையில கிடைக்குது. இல்லன்னா 9-லயே விடுடா, விரலுக்கு இன்னும் நல்லதுன்னு சொல்லியிருக்கேன்.