குத்துக்கு எத்தனை மார்க்?

பாக்ஸிங் மெஷினில் 870 வந்தால் அது எத்தனை கிலோ குத்து என்று என்னைக் கேட்காதவர்கள் பென்னலூரில் குறைவு. கிலோவும் கிடையாது, நியூட்டனும் கிடையாது. கேம் சோன்களில் நிற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை பலத்தை அளப்பதே இல்லை. குத்து வாங்கிய பை எவ்வளவு வேகமாக மேலே எகிறியது என்று மட்டும்தான் பார்க்கின்றன.

எனக்குச் சம்பளம் தருவது ஒரகடத்தில் ஒரு கேலிப்ரேஷன் லேப். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களின் டார்க் ரெஞ்சுகள் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்கள்) சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், தெரிந்தவர்கள் நடத்தும் கேம் சோன்களில் இந்த மெஷின்களைத் திறந்து பார்ப்பேன்.

உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. கார்டைத் தேய்த்ததும் பூட்டு விட்டு, பை கீழே இறங்கும். குத்தினால் அச்சில் சுழன்று மேலே போய் மாட்டிக்கொள்ளும். அச்சோடு சேர்ந்து திரும்பும் சின்னத் தகடு ஒன்று, இரண்டு ஒளி சென்சார்களை அடுத்தடுத்து மறைக்கும். இரண்டு மறைப்புக்கும் நடுவே ஆன நேரத்தைத்தான் போர்டு ஸ்கோராக மாற்றுகிறது. சென்சார்களுக்கு இடையே 5 செ.மீ., தகட்டின் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. நேரம் குறையக் குறைய ஸ்கோர் ஏறும், 999இல் முட்டி நிற்கும்.

இப்போது சென்சார் திருகு தளர்ந்து அந்த இடைவெளி 1 மி.மீ. குறைகிறது என்றால்? நேரம் 2 சதவீதம் குறையும். ஸ்கோரும் அதே விகிதத்தில் ஏறினால், 850 எடுக்க வேண்டியவர் 867 எடுப்பார். நேற்று நண்பனிடம் பத்து பாயிண்டில் தோற்றவர் இன்று ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கிக்கொள்வார். வேலை செய்தது திருகு.

திருகு மட்டுமா? லாரிகள் ஓயாத எங்கள் ஊர்ச் சாலை ஓரத்தில் தூசிக்குப் பஞ்சமே இல்லை. சென்சார் கண்ணில் அது படிந்தால் ரீடிங் தள்ளாடும், சில குத்துகள் பதிவே ஆகாது. பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் பை சோம்பலாக எழும். ரெக்சினுக்குள் இருக்கும் ஃபோம் நொந்துபோனால் குத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும். பலரும் கவனிக்காதது தரை. நாலு காலில் ஒன்று தூக்கி நின்றாலும் பெட்டி ஆடும். பைக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு ஆட்டத்தில் போய்விடும். நான் போனதும் முதலில் எடுப்பது ரசமட்டம்தான்.

பழுது பார்த்த பிறகு ஓனர்கள் தாங்களே ஒரு குத்து விட்டு, "சரியா இருக்குண்ணே" என்பார்கள். கை ஒரு அளவுகோலா? காலையில் ஒரு குத்து விழும், பிரியாணிக்குப் பிறகு வேறு குத்து விழும். அதோடு பையின் கீழ் நுனியில் குத்தினால், அச்சிலிருந்து தூரம் அதிகம் என்பதால், அதே பலத்துக்கே ஸ்கோர் கூடும். அதனால் நான் ஒரு மணல் மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, அரை மீட்டர் உயரத்துக்கு இழுத்து விட்டுவிடுவேன். அரை மீட்டர் இறங்கி வரும் மூட்டையின் வேகம், எடை எதுவானாலும், நொடிக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர். ஒரே மூட்டை, ஒரே உயரம், ஒரே இடம். பத்து தடவை விட்டால் பத்து ஸ்கோரும் ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் மெஷினின் செட்டிங் மெனுவில் எந்த எண்ணை மாற்றினாலும் பயனில்லை, மறுபடியும் ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான்.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஒரகடத்திலேயே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் கார் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. முன்மோதல் சோதனைகளில் உலகெங்கும் உட்காரவைக்கும் ஹைப்ரிட் 3 என்ற ஆண் பொம்மைக்குத் தனிப் பரீட்சை உண்டு. அதன் தலையைக் கழற்றி 376 மி.மீ. உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போடுவார்கள். உள்ளே இருக்கும் சென்சார் 225 முதல் 275 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) வரைக்குள் காட்ட வேண்டும். காட்டாத தலை காருக்குள் ஏறாது.

எண் வந்துவிட்டால் நியாயமும் வந்துவிடும் என்று குத்துச்சண்டைக்காரர்களே ஒருகாலத்தில் நம்பினார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸ் நன்றாகக் குத்தியும் தோற்றதாக நடுவர்கள் அறிவித்தது பெரிய ரகளையானது. 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்தது: ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் பட்டனை அழுத்தினால் ஒரு பாயிண்ட். கடைசியில் அளந்தது குத்தையா, விரலின் சுறுசுறுப்பையா என்ற சண்டைதான் மிஞ்சியது. 2013இல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

கேம் சோனில் சண்டை வேறு மாதிரி. "லீவு நாள் கூட்டம்ணே, கொஞ்சம் ஏத்தி வையுங்க" என்றார் ஒரு ஓனர். மெனுவில் அதற்கு வசதி உண்டு, ஒரு நிமிட வேலை.

"ஏத்திடலாம் தம்பி. எல்லாருக்கும் 900 வந்தா யாரு ரெண்டாவது தடவை கார்டு தேய்ப்பான்?"

யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அண்ணனை விட ஒரு பாயிண்ட் கூட எடுக்கத்தான் தம்பி அடுத்த குத்துக்குக் காசு கொடுக்கிறான். அந்த ஒரு பாயிண்ட் நிஜமாக இருக்க வேண்டும்.

காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குக் கூட வருஷா வருஷம் அரசு முத்திரை வேண்டும். டார்க் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற தரநிலை இருக்கிறது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் 12 மாதம் அல்லது 5,000 தடவை, எது முதலோ அப்போது மறுபடி சோதிக்க வேண்டும். பாக்ஸிங் மெஷினில் வியாபாரத்துக்கு எதையும் நிறுப்பதில்லை, அதனால் முத்திரையும் இல்லை. ஆனால் பள்ளி விடுமுறை மாதத்தில் 5,000 குத்தை அது சாதாரணமாகத் தாண்டிவிடும்.

கேம் சோன் நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதித்த தேதியையும் அடுத்த தேதியையும் எழுதி, பை பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். குத்தப் போகிறவர்களுக்கும் ஒன்று: மணிக்கட்டை வளைக்காமல் நேராக வையுங்கள், கையுறை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் எலும்பு உடைந்தால் எந்த ஸ்கோருக்கும் அது கட்டாது.