உள்ளே இருப்பவருக்கே முதல் வழி

திருவானைக்காவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் முனை ஒன்று இருக்கிறதாம். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வேன், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, டூவீலர் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே வந்து முட்டிக்கொள்கின்றன. சிக்னல் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதி, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். "சிக்னலின் அவசியம் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் மனுவோடு இணைத்துவிடுவோம்" என்கிறார்.

மனுவுக்கு உதவாத பதில்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த முனைக்கு சிக்னல் வேண்டாம் ஐயா, ரவுண்டானா கேளுங்கள்.

ரவுண்டானாவைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்கலாம். தலைமைத் தபால் நிலையம், பாலக்கரை, எம்.ஜி.ஆர். சிலை என்று ரவுண்டானாவை வைத்தே வழி சொல்லிப் பழகிய ஊர் இது. ஆனாலும் அதை ஓர் அடையாளமாகத்தான் பார்க்கிறோம், இயந்திரமாகப் பார்ப்பதில்லை. மின்சாரம் இல்லாமல், பல்பு இல்லாமல், அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லாமல் இரவும் பகலும் வேலை செய்யும் இயந்திரம் அது. மின்வெட்டு வந்தால் சிக்னல் கண்ணை மூடிக்கொள்ளும். ரவுண்டானாவுக்கு அந்தக் கவலை கிடையாது.

சாலைப் பொறியாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு. நான்கு சாலைகள் சந்திக்கும் சாதாரண முனையில் வண்டிகளின் பாதைகளை ஒரு தாளில் கோடாக வரைந்தால், ஒன்றோடொன்று உரசக்கூடிய இடங்கள் 32 வரும். 8 இடங்களில் பாதைகள் பிரிகின்றன, 8 இடங்களில் சேர்கின்றன, மீதி 16 இடங்களில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அந்தப் பதினாறில்தான் உயிர் போகிறது. நேராக வரும் லாரி, வலது பக்கம் திரும்பும் டூவீலரின் விலாவில் இடிப்பது அங்கேதான். நடுவில் ஒரு வட்டத்தை வைத்து, எல்லோரும் ஒரே திசையில் சுற்றிப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டால் மொத்தமே 8 இடங்கள்தான்: நான்கு சேருமிடம், நான்கு பிரியுமிடம். குறுக்கே வெட்டும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. மோதல் நடந்தாலும் பக்கவாட்டில் உரசலாகவே முடியும்.

வேகமும் தானாகக் குறைகிறது. வட்டத்தின் கரை, நேராக வரும் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி வளைய வைக்கிறது. வளைவில் யாரும் ஐம்பதில் போக முடியாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 50-இல் வரும் அதே வண்டி ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலோடு இடிக்கும். சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நம்மில் பலருக்குக் கை ஆக்ஸிலரேட்டரைத்தான் தேடுகிறது. ரவுண்டானாவில் அந்தச் சபலத்துக்கே இடமில்லை. அமெரிக்காவில் சிக்னலும் நிறுத்தப் பலகையும் இருந்த முனைகளை ரவுண்டானாவாக மாற்றிப் பார்த்து 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் ஆய்வு வெளியானது. அதில் ஆட்களுக்குக் காயம் உண்டாக்கும் விபத்துகள் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன.

இவ்வளவு நல்ல சாமானை உலகம் ஒரு காலத்தில் கைவிடப் பார்த்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை அதுதான்.

நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் 1905-இலும், பாரிஸின் பன்னிரண்டு சாலைகள் கூடும் எத்துவால் சதுக்கத்தில் 1907-இலும் வண்டிகளை ஒரே திசையில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் 1909 வாக்கில் முதல் வட்டம் வந்தது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஜனங்களுக்குப் புரியாமல், 1921-இல் இடப்பக்கம் போகச் சொல்லி அங்கே பலகை வைக்கவேண்டியிருந்தது. திசை ஒருவழியாகப் பழகிவிட்டது. யாருக்கு யார் வழிவிடுவது என்பதை மட்டும் யாரும் தீர்த்துவைக்கவில்லை. வண்டிகள் பெருகப் பெருக வட்டங்கள் இறுக ஆரம்பித்தன.

எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். தெற்கிலிருந்து வரும் பஸ் வடக்கே போகவேண்டும். அது மேற்கு வாயைக் கடக்கும்போது, மேற்கிலிருந்து ஒரு கார் முன்னால் நுழைந்துவிடுகிறது; பஸ் நிற்கிறது. அந்தக் கார் கிழக்கே போகவேண்டும், ஆனால் வடக்கு வாயில் ஒரு லாரி தலையை நீட்டிவிட்டது, கார் நிற்கிறது. லாரி தெற்கே போகவேண்டும், கிழக்கிலிருந்து வந்த வேன் அதை மறிக்கிறது. வேன் மேற்கே போகவேண்டும். தெற்கு வாயிலோ நம் பஸ்ஸுக்குப் பின்னால் நுழைந்த வண்டிகள் வரிசையாக அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வேன் நகர அவை நகரவேண்டும்; அவை நகர பஸ் நகரவேண்டும்; பஸ் நகர கார், கார் நகர லாரி, லாரி நகர வேன். ஒருவரும் எந்தத் தவறும் செய்த மாதிரி தெரியாது. எல்லோரும் கொஞ்சம் முந்தினார்கள், அவ்வளவுதான். சாயங்கால நேரத்தில் நம் ஊர் ரவுண்டானா எதிலாவது மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல.

பொறியாளர்கள் முதலில் கண்ட மருந்து, வட்டத்தைப் பெரிதாக்குவது. வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிய நீளமான இடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் போனதே தவிர இறுக்கம் தீரவில்லை. 1966 நவம்பரில் பிரிட்டன் ஒரே ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முதல் வழி, நுழைகிறவர் இடைவெளி வரும்வரை வாயிலில் காத்திருக்கவேண்டும். செங்கல் ஒன்றுகூட நகரவில்லை, ஆனால் உள்ளே இருப்பவர் வெளியேற வழி கிடைத்தது; வெளியேறியதால் அடுத்தவருக்கு இடமும் கிடைத்தது. இறுக்கம் விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. பின்னிப் பிரியும் நீளம் தேவையில்லை என்றானதும் வட்டத்தையும் சிறிதாக்கலாமே என்று சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிளாக்மோர் சோதனை செய்தார். சிறிதாக்கச் சிறிதாக்க அதிக வண்டிகள் போயின. கடைசியில் சாலை நடுவில் வெள்ளையடித்த ஒரு சிறு மேடே போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டார். அதுதான் மினி ரவுண்டானா. ஸ்விண்டன் நகரில் 1972-இல் ஐந்து மினி ரவுண்டானாக்களை ஒரு வட்டமாகக் கோத்து அமைத்தார்கள். வெளிவட்டம் ஒரு திசையிலும் உள்வட்டம் எதிர்த்திசையிலும் சுற்றும். பார்க்கப் பைத்தியக்காரத்தனம் போல இருக்கும். இன்றைக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு, உள்ளே இருப்பவருக்கே முதல் வழி என்ற விதியை நான் விளக்கவே வேண்டாம். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் ரவுண்டானாவின் நடுமேடை எப்போதும் நமக்கு வலக்கைப் பக்கம் வரும். பிராகாரத்தில் பெருமாள் இருக்கிற பக்கம் அது. சனிக்கிழமைக் கூட்டத்தில் வலம் வரும்போது நான் பார்ப்பதுண்டு: கோபுர வாசல் வழியாக வருகிறவர், நடந்துகொண்டிருக்கும் வரிசையைப் பார்த்து அரை நொடி நின்று, இடைவெளி வந்ததும் சேர்ந்துகொள்கிறார். அங்கே போலீஸும் இல்லை, விளக்கும் இல்லை. எதிர்த்திசையில் ஒருவர் நடந்துவந்தால் பாட்டிமார்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஒழுங்காக வலம் வந்த அதே ஆள் வெளியே வந்து வண்டியை எடுத்ததும், வலது பக்கம் திரும்ப முக்கால் வட்டம் சுற்றச் சோம்பல்பட்டு அப்பிரதட்சணமாகக் குறுக்கே நுழைகிறார். காவிரிப் பாலம் தாண்டிவந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருபது மீட்டர் மிச்சம்!

நம் சட்டம் பேசாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1976-இல் ரவுண்டானாவுக்கு விதிமுறை வகுத்தபோது பழைய பின்னல் கணக்கையே வைத்திருந்தது. 2017-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதே ஆண்டு வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முதல் உரிமை என்று தெளிவாகச் சொல்கின்றன. பிரிட்டன் விதி செய்து அரை நூற்றாண்டு கழித்தாவது எழுத்தில் வந்துவிட்டது. வாயில்களில் 'வழிவிடுக' என்ற தலைகீழ் முக்கோணப் பலகையை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

பலகைக்கு இல்லாத அக்கறை சிலைக்கு இருக்கிறது. ரவுண்டானாவை நாம் பீடமாக்கிவிட்டோம். பாலக்கரையில் சிவாஜி கணேசன் சிலை ஆண்டுக்கணக்கில் துணி போர்த்தி நின்றதையும், பிறகு வேறிடத்துக்கு மாற்றி 2025-இல் திறந்ததையும் ஊர் அறியும். பொதுச் சாலையில் புதிதாகச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. தலைவர்கள் மீது எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் ரவுண்டானாவின் நடுமேடை மனிதர் கால் வைக்கக்கூடாத இடம். பிறந்தநாளுக்கு மாலையோடு நூறு பேர் சாலையைக் கடந்து போகிற இடமாக அதை ஆக்கினால் இயந்திரத்துக்குள் கையை விட்ட மாதிரிதான். நடப்பவர் கடக்கவேண்டியது வாயிலில், வட்டத்திலிருந்து ஒரு கார் நீளம் தள்ளிப் போட்ட கோடுகளில். அந்தக் கோட்டின் மேலேதான் ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் வரும் வண்டியை மறைக்கிற இடத்தில்தான் வாழ்த்து பேனர் நிற்கிறது.

இனி வாசகரின் முனை. மினி ரவுண்டானாவின் நடுமேடு ஒன்றிலிருந்து நான்கு மீட்டர் குறுக்களவு இருந்தால் போதும். உயரமும் குறைவாக வைப்பதால், தண்ணீர் லாரி திரும்ப முடியாவிட்டால் அதன் மேல் ஏறிப் போய்விடலாம். நிலம் எடுக்கவேண்டாம். பெயின்ட், நான்கு முக்கோணப் பலகை, நான்கு இடத்தில் நடப்பவர் கோடு, முனையில் பத்து மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை: மனுவில் இவ்வளவு இருந்தால் போதும். சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்து, போக்குவரத்துக் காவலுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பெரிய வட்டமும் மணிக்கு 3,000 வண்டிக்கு மேல் தாங்காது என்று 1976 விதிமுறையே எல்லை போட்டது. ஒரு சாலையில் வெள்ளமாகவும் மற்றதில் சொட்டாகவும் வண்டி வந்தால், சொட்டுச் சாலைக்காரர் நுழையவே முடியாது. அங்கே சிக்னல்தான் நியாயம். பல வரிசை வட்டத்தில் டூவீலர்காரர் பஸ்ஸின் நிழலில் காணாமல் போவார். சித்திரை வீதி முனைகளிலோ நடுவில் எதையும் எழுப்ப முடியாது, அங்கே தேர் திரும்பவேண்டும்.

மேடும் பலகையும் வந்துவிடும். நின்று நுழையும் பழக்கம்தான் வரவேண்டும். நம் ஊரில் லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுகிறோம். அது வண்டியை ஆளத் தெரியுமா என்ற பரீட்சை. மற்றவரோடு சாலையைப் பங்கிடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த எட்டுக்குப் பக்கத்தில் நான்கு வாய் வைத்து ஒரு வட்டம் வரையட்டும். உள்ளே இரண்டு வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்கட்டும். இடைவெளிக்குக் காத்திருக்காமல் நுழைகிறவரை, எட்டை எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும், அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பலாம். சுண்ணாம்பு ஒரு மூட்டை போதும்.